ஒரு சான்றிதழ் குறைகிறது

மனுவைப் பிரித்ததுமே டயானாவுக்குக் குழப்பம் ஆரம்பித்தது. தல்லாகுளம் மாநகராட்சி அலுவலகத்தில் எத்தனையோ மனு வாங்கியவள்தான். ஆனால் கொண்டுவந்த ஆளே தன் மனுவைக் கேட்டுத் திடுக்கிட்டு அவள் பார்த்ததில்லை.

“வண்டியூர் பக்கம் பேரில்லாத புதுத் தெரு. அதுக்கு ‘சோலை தெரு’ன்னு பேரு வைக்கணும். அதானே அண்ணே?”

“சோலையா? அந்தப் பேரு வேணாம்மா, அடிச்சிருங்க! தெருவுக்குப் பேரு இருந்தாத்தான் குடிதண்ணிக் குழாய் போடுவோம்னாக. ஏதாச்சும் ஒரு பேரை எழுதுங்கடான்னேன். கவரை ஒட்டிக் குடுத்துட்டாய்ங்க, நான் படிக்கல.”

“தெருவே கையெழுத்துப் போட்டிருக்கு. லைட்டு வந்ததே சோலை அலைஞ்சதாலதான்னு எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் போடல? அவர்கூட ஏதும் தகராறா?”

“தகராறெல்லாம் இல்லம்மா. அந்தாளு அம்புட்டு நல்லவன் இல்ல. அவன் பொண்டாட்டியக் கேட்டாத் தெரியும்.”

பொறாமை பிடித்த மனுஷன் என்று முடிவு கட்டினாள் டயானா.

“பேரை நான் அடிக்க முடியாதுண்ணே. ஆனா ஒரு குறை இருக்கு. உயிரோட இருக்கறவங்க பேரை வைக்க விதியில்ல. சோலையோட இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் வேணும்.”

“அது கெடைக்காதும்மா.”

“ஏன், அவரு வீட்ல தரமாட்டாங்களா?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“எப்படித் தருவாக? நாந்தாம்மா சோலை.”

டயானா பேனாவை மூடினாள், திறந்தாள். மனுவில் என்ன குறிப்பு எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“மனு இங்கனயே இருக்கட்டும்மா,” என்றபடி எழுந்தார் சோலை. “அந்தச் சான்றிதழ் அது நேரத்துக்கு வரும். குழாயை மட்டும் நான் இருக்கையிலயே போட்டுருங்க.”