ரோடு குளிக்கட்டும்

மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மலைச்சாலையில் முதல் தூறல் விழுகிறது. பேருந்தை ஓட்டுபவள் வளைவுக்கு முன்பே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்கிறாள். நனைந்த தார்மேல் எண்ணெய்ப் படலம் நீலமும் ஊதாவுமாக மினுங்குகிறது. பின்படியில் நிற்கும் நடத்துநர், வீட்டில் அவள் புருஷன், இரண்டாம் முறையாக விசில் ஊதுகிறான். "தூறலுக்கெல்லாமா வண்டிய நிறுத்துவ? எல்லாரும் என்னைத்தான் திட்டுறாங்க." "தூறல்தாங்க வழுக்கும். நல்லாக் கொட்டட்டும், ரோடு குளிச்சு எண்ணெயெல்லாம் போகட்டும், எடுக்கிறேன்." அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடுகின்றன. பின்னாலிருந்து ஒரு கார் ஹாரனை அலறவிட்டு முந்துகிறது. ஓட்டுகிறவன் காதில் போன். வளைவில் அதன் பின்பக்கம் மெல்ல விலகுகிறது, கார் அப்படியே சுழன்று தடுப்புச்சுவரை உரசி, பேருந்தைப் பார்த்தபடி நிற்கிறது. கதவு திறக்கிறது. இறங்குகிறவன் கையில் போன் இன்னும் "ஹலோ, ஹலோ" என்கிறது. பேருந்துக்குள் திட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து முன்கண்ணாடி வழியே பார்க்கிறார்கள். மழை வலுக்கிறது, சாலையோரம் கறுப்பு நுரை இறங்கி ஓடுகிறது. அவள் சாவியைத் தொடுகிறாள். நடத்துநர் வாயிலிருந்து விசிலை எடுக்கிறான். "இரும்மா, என்ன அவசரம்? நல்லாத் தேய்ச்சுக் குளிக்கட்டும்."