முதல் இருபது மில்லிலீற்றர்

வெளியே நின்ற மனிதர் ஆய்வுகூடக் கதவை மூன்றாவது தரமும் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி மூடினார். ஸுஹைறா மணியைப் பார்த்தாள். பத்து மணிக்கு வருவார் என்று கிளினிக்கிலிருந்து சொன்ன நாற்பத்தோராம் இலக்கம் இவர்தான்.

பாலியல் நோய்ப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். பெயரையும் கேட்கக் கூடாது, எதற்கு வந்தீர்கள் என்றும் கேட்கக் கூடாது. அவளைப் போன்ற கூச்சக்காரிக்கு இதைவிட நல்ல விதியை யாரும் எழுத முடியாது.

சிக்கல் பரிசோதனை மாதிரியில் இருந்தது. இந்தப் பரிசோதனைக்குச் சிறுநீரின் முதல் இருபது மில்லிலீற்றர் வேண்டும், அதுவும் கழுவாமல் எடுத்தது. கல்முனையில் ஒருவரும் அப்படித் தரவில்லை. நன்றாகக் கழுவி, முதலில் வருவது அழுக்கு என்று விட்டுவிட்டு, பன்னீர் மாதிரிக் கொண்டுவந்தார்கள்.

"பொம்புளப் புள்ளட கையில குடுக்கிற சாமான், சுத்தமா இரிக்க வேணாமா?" என்று போன கிழமை ஒரு கடைக்காரர் பெருமையாகக் கேட்டார்.

கொழும்புக்கு அனுப்பிய ஒன்பதில் ஏழுக்கு, 'போதிய உயிர்க்கலங்கள் இல்லை' என்று பதில் வந்தது. குற்றம் மாதிரி தந்தவர்களுடையது அல்ல. ஸுஹைறா ஒருவருக்கும் வாயால் விளக்கியதில்லை. சுவரில் ஒட்டிய தாளைக் காட்டிவிட்டு, அவர்கள் வாசித்து முடிக்கும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த உறுப்பின் பெயரை ஆங்கிலத்தில் ஆயிரம் தரம் எழுதிப் பட்டம் வாங்கியவள். தமிழில் ஒரு தரமும் உச்சரித்ததில்லை.

பொறுப்பாளர் அழகரெத்தினம் காலையிலேயே சொல்லிவிட்டார். "பிள்ள, இண்டைக்கு வாறதும் பிழைச்சா திங்கக்கிழம வேற ஆள் வரும். படிச்ச பிள்ளதானே, வாயத் திறந்து சொல்லன்."

கதவு நாலாவது தரம் திறந்தது.

"உள்ளுக்கு வாங்க," என்றாள் ஸுஹைறா.

வெள்ளைச் சேர்ட், வெள்ளைத் தொப்பி, அறுபது வயதிருக்கும். இவரா என்று ஒரு கணம் தோன்றியது. நோய் வயது பார்த்தா வருகிறது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

"வாப்பாட பேரென்ன மகள்?"

"மிஹ்லார்."

"கல்முனைக்குடியா?"

"ஓம்."

அவர் அவளை ஒரு தரம் பார்த்துத் தலையாட்டினார். இதற்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். அவள் சொந்தக்காரி இல்லை என்று தெரிந்த பிறகுதான் உட்காருவார்கள். போன மாதம் ஒருவர் அவளுடைய உம்மாவின் பெயர் காதில் விழுந்ததும் போத்தலை மேசையில் வைத்துவிட்டு ஓடியே போனார்.

"நான் வந்தது என்னெண்டா மகள்..."

"ஒண்டும் சொல்ல வேணாம். காரணம் கேக்கிறது எங்கட வேல இல்ல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தால் சொல்ல வராது. கழுவக் கூடாது என்றாள். எதைக் கழுவக் கூடாது என்பதையும் சொன்னாள், தமிழில். முதலில் வருவதை விடாமல் பிடிக்க வேண்டும், போத்தலில் உள்ள கோட்டுக்கு மேல் போகக் கூடாது என்றாள். குரல் அவளை அறியாமலே உயர, வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த யாரோ இருமினார்கள்.

கண்ணைத் திறந்தபோது அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்ப போன நீங்க?"

"எங்க மகள்?"

"சிறுநீருக்கு."

அவருடைய முகம் காதுவரை சிவந்தது. "ஸுபஹுத் தொழுகைக்கு முன்ன."

"நல்லம். கழிப்பறை வலது பக்கம்."

அவர் அவள் நீட்டிய போத்தலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கட்டாயமா மகள்?"

"இது பிழைச்சா என்ட வேல போயிடும்," என்றாள். இப்படிக் கெஞ்சி ஒரு பொருளை வாங்கப் பல்கலைக்கழகத்தில் யாரும் படிப்பிக்கவில்லை.

அவர் பெருமூச்சு விட்டுப் போனார். ஐந்து நிமிடத்தில், கைலேஞ்சித் துணியால் மூடிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சரியாகக் கோடு வரை. அவள் ஒரு பகுதியை இயந்திரத்தில் சுழற்றி, அடியில் படிந்ததில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். கலங்கள் கும்பல் கும்பலாகக் கிடந்தன. இத்தனை அழகான ஒன்றை அவள் இந்த இரண்டு மாதத்தில் கண்டதில்லை.

அழகரெத்தினமும் வந்து குனிந்து பார்த்தார். "இப்பதான் பிள்ள ஒழுங்கான சாமான் வந்திருக்கு. திங்கக்கிழம நேரத்துக்கு வா."

ஸுஹைறா சிரிப்பை அடக்கிக்கொண்டு போத்தலில் நாற்பத்தொன்று என்று எழுதினாள். வாழ்க்கையில் முதல் தரம் அவளுடைய வாய் அவளுக்கு உதவியிருந்தது.

அப்போது ஓர் இளைஞன் கிளினிக் துண்டுச் சீட்டோடு உள்ளே வந்தான்.

"நாப்பத்தொண்டு நான்தான். நீங்க அவருக்குச் சொன்னதெல்லாம் வெளிய கேட்டிச்சி, திருப்பிச் சொல்ல வேணாம். போத்தல மட்டும் தாங்க."

அவன் போத்தலை வாங்கிக்கொண்டு வலது பக்கம் போனான். அழகரெத்தினம் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

ஸுஹைறா பெரியவர் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"அப்ப நீங்க எதுக்கு வந்த நீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"எங்கட மகனுக்குப் பொண் பாக்க வந்த நான், மகள்."