அங்கமுத்து வீட்டுக் குப்பை

"ரெண்டே ஆள் இருக்குற வூட்ல வாரத்துக்கு நாலு மூட்டை குப்பையா? இன்னாத்த துன்னுட்டு இன்னாத்த போடுறீங்க?"

ஊர்த் தலைவர் பிரபாகரன் கேட்டதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அங்கமுத்து மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி வேலம்மா அவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

குப்பத்துக் குப்பைக் குழுவுக்குக் கீதாதான் செயலாளர். சட்டமும் அவள் போட்டதுதான். வாரம் ஒரு மூட்டைக்கு மேல் குப்பை தரும் வீட்டுக்கு ஒரு பாடு வெட்டு.

பாடு என்றால் சும்மாவா? ஏரியில் இறால் விழும் இடத்தில் வலை கட்ட, வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும் நாள். அது பறிபோனால் அடுத்த முறை வரும்வரை உலை கொதிக்காது.

இப்படிப் பயம் காட்டினால்தான் ஊர் திருந்தும் என்று கீதா வாதாடி வாங்கிய சட்டம். ஊரும் திருந்தியது. வீடுகளில் குப்பை குறைந்தது. போன மாதம் 'சுத்தமான வீடு' என்று முதல் பரிசு எவர்சில்வர் குடம் கீதா வீட்டுக்கே வந்தது.

அங்கமுத்து வீட்டு மூட்டை மட்டும் பெருத்துக்கொண்டே போனது.

"பிரிச்சுக் கொட்டுக்கா," என்றாள் கீதா.

தூய்மைக் காவலர் பிலோமினா கொட்டினாள். தண்ணி பாட்டில், பிரியாணி டப்பா, ஒற்றைச் செருப்பு, குழந்தைக்குக் கட்டும் டயப்பர்.

கீதா டயப்பரைக் காட்டினாள். "ஏன் பெரியப்பா, உங்க வூட்ல கைக்குழந்தை ஏது?"

"இல்ல."

"பின்ன டயப்பர் யாருக்கு?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? என் வூட்ல இருந்து வந்துச்சு, என் குப்பை. ஒரு பாடு வெட்டிக்கோ."

"படகுல சுத்திப் பாக்க வர்றவங்க குப்பையை வாங்கியாந்து போடுறியா?" தலைவர் குரலை உயர்த்தினார்.

"அய்ய!" வேலம்மா எழுந்துவிட்டாள். "இந்தாளு வாயத் தொறக்காது. பாடு வர்றப்பல்லாம் வலையில மீனோட வர்றதுதான் இத்தினியும். மறுபடி ஏரியில போடக் கூடாதுன்னு கரைக்கு அள்ளிக்கினு வந்துடுது. எத்தினி தபா நான் தலைல அடிச்சிக்கினேன்!"

"நீ சும்மா கெட," என்று அதட்டினார் அங்கமுத்து.

கீதாவுக்குக் குழப்பம் இன்னும் கூடியது. ஒரே ஏரி. ஒரே தண்ணீர். அதே இடத்தில்தான் எல்லோரும் முறை மாற்றி வலை கட்டுகிறார்கள். இவர் வலையில் மட்டும் எப்படி இவ்வளவு விழும்? சரி, விழுந்ததென்றே வைத்துக்கொள்வோம். அதைச் சொல்ல என்ன தயக்கம்?

"இதை முதல்லயே சொல்றதுக்கு இன்னா பெரியப்பா?"

அங்கமுத்து நிமிர்ந்து, உட்கார்ந்திருந்த ஆண்களை ஒரு சுற்றுப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

கீதாவின் கணவன் தேவேந்திரனுக்கே பாவமாகிவிட்டது. பின்வரிசையிலிருந்து சமாதானத்துக்கு வந்தான்:

"வுடு கீதா, பெரியப்பாவுக்கு விவரம் பத்தல. வலையில வந்த குப்பையை எவனாவது வூட்டுக்குத் தூக்கினு வருவானா? எங்கள மாதிரி ஏரியிலேயே உதறிட்டு வந்திருந்தா, இந்நேரம் அவரு வூட்லயும் ஒரு குடம் இருந்திருக்கும்!"