எடுத்தா இடம் போயிடும்

"ஸ்டிக்கரை வீட்டுக் கதவுல ஒட்டட்டும். கேட்டுல ஒட்டட்டும். வேணும்னா என் நெத்தியில ஒட்டட்டும். கவரைக் கழட்டி, கார் கண்ணாடியில ஒட்ட மட்டும் விடமாட்டோம்!"

குடியிருப்போர் சங்கத் தலைவர் மேஜையைத் தட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்து நின்றது. அப்படி ஒரு கைதட்டல்! வழக்கமாக அவர் பேசினால் பாதிப் பேர் செல்போனைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் வாசலைப் பார்ப்பார்கள்.

மாநகராட்சியின் புதுத் திட்டம்தான் காரணம். தெருக்களில் வண்டி நிறுத்த இடமில்லை என்று ஊரெல்லாம் புகார். அதனால் இனி வீட்டுக்கு ஓர் இடம், காருக்கு ஒரு ஸ்டிக்கர். அதிகாரியே நேரில் வந்து, காரைப் பார்த்து, முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவார். ஸ்டிக்கர் இல்லாமல் நிற்பதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

எதிர்வீட்டு காண்ட்ராக்டர் எழுந்தார். "தலைவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. கவர்ங்கிறது காருக்குச் சட்டை மாதிரி. நடுத்தெருவுல சட்டையைக் கழட்டுன்னா என்ன அர்த்தம்? தனிமனித உரிமைன்னு ஒண்ணு இல்லையா?"

"தனிக்கார் உரிமை" என்று திருத்தினார் பல் டாக்டர்.

மறுபடியும் கைதட்டல். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டம் கலையும்போது காண்ட்ராக்டர் காதோடு சொன்னார்: "எதுக்கும் தயாரா இருங்க, நாளைக்கே அதிகாரி வர்றாராம் தலைவரே. அந்தக் கோடியிலேர்ந்து ஆரம்பிக்கிறார். உங்க வீடுதான் கடைசி."

தலைவர் மேஜையில் கிடந்த தீர்மானத்தைக்கூட எடுக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "மைக் இல்லாமலே இங்க வரைக்கும் கேட்டுச்சு. அவ்வளவு வீரம் பேசினீங்களே, நாளைக்கு அந்த ஆள் கவரைத் தூக்கினா என்ன செய்வீங்க?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாப் பேசினா மட்டும் கவருக்குள்ள கார் வந்துடுமா? பிளாஸ்டிக் குழாயை வளைச்சு வெச்சு, மேல துணியைப் போர்த்தி, அதுக்குத் தினமும் தூசி வேற தட்டுறீங்க."

"தட்டலைன்னா சந்தேகம் வரும்."

வேலை போன மாதமே கார் போனது. அதை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்து, விடிவதற்குள் குழாய்க் கூடு கட்டி, கவரைப் போர்த்தினார். பக்கக் கண்ணாடிகள் புடைத்துத் தெரிய வேண்டுமே என்று ஆபீசுக்குப் போட்ட கறுப்பு ஷூ இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டினார். மானேஜர் என்றுதான் தெரு இன்னும் அவரைக் கும்பிடுகிறது. அவர் இப்போது டவுனில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறார் என்பது அந்தக் கவருக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ்சில்தான் போகிறார். காண்ட்ராக்டரும் அதே பஸ்சில் சில நாள் வருவார்.

"என்ன சார், கார எடுக்கலையா?"

"எடுத்தா இடம் போயிடும். நீங்க?"

"அதேதான். எடுத்தா இடம் போயிடும்."

பிறகு இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதிகாரி தோளில் பையோடு, சட்டையெல்லாம் வேர்வையாக, நடந்தே வந்து சேர்ந்தார். தலைவர் திரை மறைவில் நின்று கவனித்தார். வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக ஓடி வந்து, அதிகாரியின் தோளில் கைபோட்டு, கேட்டுக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். ஏதோ பேசினார்கள். அதிகாரி கழுத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். கவர்கள் போட்டது போட்டபடி இருந்தன.

"பார்த்தியாடி! ஒரு வீட்டுலயும் கவர் கழலலை. ஒவ்வொருத்தனும் சிங்கம் மாதிரி நிக்கிறான். எல்லாம் நேத்து என் பேச்சு!"

"அப்போ நீங்களும் சிங்கம் மாதிரி முடியாதுன்னு சொல்லிடுங்க."

"சொன்னா ஸ்டிக்கர் இல்லைன்னு தூக்க ஆள் அனுப்புவாங்களே. தூக்குறவனுக்குக் கனமே இருக்காதே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "போய் உண்மையைச் சொல்லிடுங்க. அவரும் சம்பளக்காரர்தானே, புரியும்."

அதிகாரி காண்ட்ராக்டர் வீட்டிலிருந்து வெளியே வந்தார். காண்ட்ராக்டர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். அதிகாரி தெருவைக் கடந்து வந்து, கடைசிக் கவரின் முன் நின்று, அதன் ஓரத்தில் கையை வைத்தார்.

தலைவர் வேட்டி தடுக்க ஓடி வந்தார். "சார், சார்! ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

கேட்டைச் சாத்தினார். தீர்மானம், உரிமை எதுவும் வாய்க்கு வரவில்லை. "சார், உள்ள கார் இல்லை, வெறும் பிளாஸ்டிக் குழாய்தான். வேலை போனப்பவே வித்துட்டேன். தெருவுக்குத் தெரிஞ்சா தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்தத் துணி ஒண்ணுதான் சார் எனக்கு மிச்சம் இருக்கிற மரியாதை. தயவு பண்ணி அதைத் தூக்கிடாதீங்க."

அதிகாரி திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. கையிலிருந்த, இன்னும் பிரிக்காத ஸ்டிக்கர் கட்டைப் பைக்குள் திரும்ப வைத்து ஜிப்பை இழுத்தார்.

"வெளிய சொல்ல மாட்டேன் சார். எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. இங்க நிறுத்த இடமில்லாம என் காரை ரெண்டு தெரு தள்ளி விட்டுட்டு வேகாத வெயில்ல நடந்து வந்தேன். உங்க குழாயைக் கொஞ்சம் ஓரமா நகத்துங்க, கொண்டாந்து நிறுத்திக்கிறேன். இந்தத் தெருவுல ஒரு காராவது இருக்கட்டும்."