மூன்று சேனல், நான்கு விநாடி

“இதுல புல்லு பச்சையாவா இருக்கு? விஷம் மாதிரி இருக்கு. மூஞ்சியெல்லாம் மெழுகு பொம்மை. ஹெச்டின்னு பேரு மட்டும்தான். அடுத்த சேனலைப் போடறேன் மேடம்” என்றார் மேனேஜர்.

அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கால்பந்து இறுதி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே முதலாளியம்மா, கையில் பென்சிலும் ஒரு வெள்ளைத் தாளும். கதவோரம் நின்ற மெக்கானிக்கை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

கீழே குளிர்கிடங்கிலிருந்து அழுகிய மீன் வாடை படியேறி அறைக்குள் வந்தது. அந்த ஞாயிறு காலைதான் கம்ப்ரசர் நின்றுபோயிருந்தது. காய்ச்சல் என்று மெக்கானிக் லீவு சொல்லியிருந்தான். திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது நானூறு பெட்டி மீனும் பாழ்.

“நான் துறைமுகத்துல வெயில்ல நின்னு சரக்கு இறக்கிட்டு இருந்தேன். ராத்திரி லாட்ஜ்ல ஆட்டத்தைத் திரும்பப் போட்டான். சும்மா பார்த்தா, இந்த மூஞ்சி! அதான் மூணு சேனல்லயும் பதிவு பண்ணிக் கொண்டுவந்தேன்” என்றார் மேனேஜர்.

“அது நான் இல்ல சார்” என்றான் மெக்கானிக். “மஞ்சத் தொப்பி போட்டவன் எல்லாம் நானா?”

“வாயை மூடுடா. உன்னைப் பேசச் சொல்றப்போ பேசு.”

இரண்டாவது சேனல் வந்தது. மூன்றிலும் ஒரே காட்சிதான், தெளிவில்தான் வித்தியாசம். காமிரா கூட்டத்தின் மேல் மெல்ல நகர்கிறது. மஞ்சள் தொப்பிக்காரன் ஒருவன் இரண்டு வெறுங்கைகளையும் தூக்கிக் கத்துகிறான். நான்கே விநாடி. மறுபடி பந்து.

இதில் படம் வெளுத்திருந்தது, வெயிலில் காயப்போட்டு மறந்துபோன சட்டை மாதிரி.

“மூக்கு தெரியுது, ஆள் தெரியல” என்றார் முதலாளியம்மா. “மூக்கை வச்சு ஒருத்தரோட வேலையைப் பறிக்க முடியாது.”

மேனேஜருக்குக் காது சிவந்தது. “இவனுக்கெல்லாம் போய் இரக்கப்படாதீங்க மேடம். பதினோரு வருஷமா உங்க சம்பளம் வாங்குறவன். இங்க நானூறு பெட்டி மீன் வெந்துட்டிருக்கு, துரை அங்க இடைவேளையில கோன் ஐஸ் வாங்கி நக்கிட்டு நிக்கறாரு. ஒண்ணு இல்ல, ரெண்டு! கைக்கு ஒண்ணு!”

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளியம்மா தாளில் என்னவோ எழுதினார்.

“மூணாவதைப் போடுங்க.”

மூன்றாவது சேனல் துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. தொப்பியின் தையல்கூடத் தெரிந்தது. தொப்பிக்குக் கீழே, இடது புருவத்தை இரண்டாக வெட்டிய ஒரு தழும்பு. போன வருடம் கிடங்கு ஃபேன் இறக்கை பட்டு வந்தது. மெக்கானிக்கின் கை தானாகப் புருவத்துக்குப் போய்ப் பாதியில் நின்றது.

“இப்ப சொல்லுடா! தழும்பையும் தொப்பியோட சேர்த்து விக்கறானா?”

மெக்கானிக் கையை இறக்கினான்.

“நான்தான் மேடம்” என்றான் மெக்கானிக். “காய்ச்சல் பொய். ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எம் பொண்ணுகிட்ட ஆறு மாசமா சொல்லி வச்சிருந்தேன். நான் இல்லாட்டி மேனேஜர் சார் கிடங்குல இருப்பாருன்னு நெனச்சேன். துறைமுகம் போறார்னு தெரிஞ்சிருந்தா சத்தியமா போயிருக்க மாட்டேன். இந்த வேலையை விட்டா எனக்கு வேற…”

“பிள்ளையை இழுக்காத! பொய் சொல்றப்போ அவ ஞாபகம் வரலையா?” மேனேஜர் கோப்புக்குள்ளிருந்து வேலை நீக்கக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் தள்ளினார். தேதிகூட ஏற்கெனவே போட்டிருந்தது. “கையெழுத்துப் போடுங்க மேடம். இவன் நிழல்கூட வாசல்ல விழக்கூடாது.”

முதலாளியம்மா பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை. ரிமோட்டை வாங்கி, மூன்று பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓட்டிப் பார்த்தார். நான்கு விநாடி. நான்கு விநாடி. நான்கு விநாடி.

“இந்த ஒரு இடத்தைத் தவிர இவர் வேற எங்கயாவது வர்றாரா?”

“இல்ல மேடம். மூணு சேனலையும் முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் சலிச்சுட்டேன். விளம்பரத்தைக்கூட விடல. இது ஒண்ணுதான். இடைவேளையில ஒரு பயலும் கூட்டத்தைக் காட்டல.”

“நல்லாத் தெரியுமா?”

“எங்க வேணாலும் சத்தியம் பண்றேன் மேடம்.”

முதலாளியம்மா தாளில் எழுதியிருந்ததை ஒருமுறை பார்த்தார். பிறகு மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்போ அந்த ரெண்டு கோன் ஐஸ் எந்தச் சேனல்ல தெரிஞ்சுது?”