பல் டாக்டரின் ரகசிய இடம்

"இந்த நகரத்தின் புகைப்படக்கலை வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் இது!"

தலைவர் இப்படி அறிவித்தபோது கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய மைத்துனன் ஒருவன்தான். அவனும் குனிந்து ஸ்கூட்டர் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொன்னெழுத்து இருக்கட்டும் அத்தான். காத்து கம்மியா இருக்கு. கேமரா ஸ்டாண்டை நீங்களே மடியில வெச்சுக்குங்க."

புகைப்பட ரசிகர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர் அவர். ஆண்டுதோறும் கண்காட்சியைத் திறந்து வைப்பது அவர். முதல் பரிசைத் தூக்கிக்கொண்டு போவது பல் டாக்டர். பூங்கா, பாலம், மணிக்கூண்டு என்று ஊரே எடுத்துச் சலித்ததைத் தலைவர் மறுபடியும் எடுத்துக்கொண்டிருப்பார். டாக்டரோ, இப்படி ஓர் இடம் நம் ஊரிலா என்று எல்லோரும் வாயைப் பிளக்கும்படி எதையாவது பிடித்து வருவார். எங்கே என்று கேட்டால் சிரிப்பார். பல் டாக்டர் சிரித்தால் அதில் குறை சொல்லவும் முடியாது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த தலைவர், பொதுக்குழுவில் மேசையைக் குத்திச் சபதம் செய்துவிட்டார்: இந்த முறை முதல் பரிசு தனக்கு இல்லையென்றால் பதவியும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். கைதட்டல் அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருந்தது.

"கேமரா இருக்கற தட்டை அக்கா இப்பவே அளந்து பார்த்துட்டா. மிக்ஸி கச்சிதமா உட்காருமாம்," என்றான் மைத்துனன், வண்டியைக் கிளப்பியபடி.

"உங்கக்காவுக்கு வரலாறு தெரியாது மாப்ளே. நேத்து நான் அந்தப் பல் டாக்டர்கிட்ட போனேன்."

"பல்லு வலியா?"

"வேவு! கடைவாய்ப் பல்லுல சொத்தை, இப்பவே அடைச்சிடலாம்னான். கண்காட்சி முடியட்டும்னுட்டேன். வாயில பஞ்சோட படுத்திருக்கேன், இவன் போன்ல யார்கிட்டயோ சொல்றான்: காலையில பழைய தண்ணித் தொட்டிக்குப் போறேன், அங்க கிடைக்கற படம் வேற எங்கயும் கிடைக்காதுன்னு."

"உங்க தலைமாட்டுல நின்னுக்கிட்டா சொன்னாரு?"

"பல் டாக்டருக்கு வாய்தான்டா தெரியும். காது அவன் இலாகா இல்ல."

பஸ் பணிமனைக்குப் பின்னால், கழற்றிப்போட்ட டயர்களைத் தாண்டி, துருவேறிய கம்பிக் கதவு திறந்தே கிடந்தது. ஒரு காலத்தில் ஊருக்கே குடிநீர் கொடுத்துவிட்டு ஓய்ந்துபோன நிலத்தடித் தொட்டி அது. படியிறங்கி, முதல் தூணுக்குப் பின்னால் இருவரும் பதுங்கினார்கள்.

டாக்டர் முன்பே வந்திருந்தார். எதிரே ஒரு திட்டில், மடக்கு நாற்காலியில், கேமராவைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கூத்தைப் பாரு," தலைவர் கிசுகிசுத்தார். "வெளிச்சம் அவன் பின்னாடி வருது. இவன் முதுகைக் காட்டிக்கிட்டுத் துருப்பிடிச்ச படிக்கட்டை எடுக்கறான். இவனுக்கா மூணு தடவை பரிசு குடுத்தோம்?"

"ஆமா, உங்க கையாலதான் குடுத்தீங்க."

தலைவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடவில்லை.

கூரையில் இருந்த வட்டத் துளைகளுக்குச் சூரியன் வந்து சேர்ந்திருந்தது. ஒரு துளையிலிருந்து ஒளி இறங்கி, இன்னும் தேங்கிக் கிடந்த தண்ணீரைத் தொட்டது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கும் அப்பால், இருட்டு என்று நினைத்த இடத்திலெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. தூண்கள் தண்ணீருக்குள் தலைகீழாக இறங்கி, அடி தெரியாத ஆழத்துக்குப் போயின. எங்கிருந்தோ ஒரு புறா படபடத்துக் குறுக்கே பறந்தது, நீர் சிலிர்த்தது, கூரை முழுக்க வெளிச்சம் அலையலையாக ஓடியது. ஆட்டம் மெல்ல அடங்கி, கடைசியில் ஒரே ஒரு சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது.

தலைவருக்கு அந்த நேரத்தில் பதவி இல்லை. பரிசு இல்லை. தன் பெயர் என்ன என்று கேட்டிருந்தால் அதற்கும் யோசித்திருப்பார். கன்னத்தில் ஈரம் இறங்குவதுகூடத் தெரியாமல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

மைத்துனன் தோளைப் பிடித்து உலுக்கினான். "அத்தான், படம்!"

"எந்தப் படம்?"

அவர் லென்ஸ் மூடியைக் கழற்றுவதற்குள் டாக்டர் நாற்காலியை மடக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டார். சூரியனும் நகரத் தொடங்கியிருந்தது. மிச்சமிருந்த வெளிச்சத்தைத் தலைவர் விரல் வலிக்க எடுத்துத் தள்ளினார்.

"முடிஞ்சது அவன் கதை," என்றார் வெளியே வந்ததும். "சொர்க்க வாசல்ல உட்கார்ந்து செருப்பு ஸ்டாண்டைப் படம் எடுத்தவன்டா அவன்!"

கண்காட்சியன்று தலைவர் புதுச் சட்டையில், ஏற்புரையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, முன்வரிசையில் மனைவியோடும் மைத்துனனோடும் உட்கார்ந்தார். அவருடைய தொட்டிப் படத்துக்கு ஆறுதல் பரிசு அறிவித்தார்கள். முதல் பரிசு, வழக்கம்போல், பல் டாக்டர்.

திரை விலகியது. எல்லோரும் கைதட்டக்கூட மறந்தார்கள். தலைவரின் மனைவி தம்பியின் பக்கம் சாய்ந்து, "கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மனுஷன் இப்படிப் பார்க்கலடா," என்று மூக்கை உறிஞ்சினாள்.

"எந்த இடம் டாக்டர்? இந்தத் தடவையாவது சொல்லுங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"இடமா? தலைவர் முகம்தான்."

சுவரளவு படத்தில், வாயைப் பிளந்து, கண்ணீரோடு, தூணைக் கட்டிப்பிடித்து ஒளியில் நனைந்து நின்ற தலைவரின் கடைவாய்ச் சொத்தை, கடைசி வரிசைவரை தெளிவாகத் தெரிந்தது.