யாரையும் விடாத சர்வர்

“பாஸ்வேர்டு சரியாத்தான் அடிக்கிறேன் இவான். உள்ள விடவே மாட்டேங்குது,” என்றாள் பிரிஸ்கில்லா.

“எங்களுக்கும் அதே கதைதான்,” என்றார்கள் மற்றவர்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் காலையிலிருந்து இதே பாட்டு.

கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் இவான் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பார்த்தான். ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். புதுப் பாஸ்வேர்டு கொடுத்தான். யூனிக்ஸ் சர்வர் யாரையும் ஏற்கவில்லை.

“இன்னாப்பா இது பேஜாரு? எப்ப சரியாவும்?” மேனேஜர் பரந்தாமன் கத்தினார்.

“மதியம் ஆய்டும் சார்.”

பிரிஸ்கில்லா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “சார், பத்தரைக்கு நம்ம செக்‌ஷன் தேவிகாவுக்குக் கோயில்ல கல்யாணம். அவ வீட்ல யாரும் வரமாட்டாங்க. நாங்களும் போகலைன்னா அவ பக்கம் நிக்க ஒருத்தரும் இல்ல.”

“யாருக்கும் பர்மிஷன் கிடையாதுன்னு முதலாளி நேத்தே சொல்லிட்டாரே.” பரந்தாமன் முகத்தைச் சுளித்தார். “சரி, வேலை இல்லாம இங்க உக்காந்து இன்னா பண்ணப் போறீங்க? போய்ட்டு மதியம் வாங்க.”

கொஞ்ச நேரத்தில் அறை காலியானது.

“நீங்க சொன்ன மாதிரியே சர்வர்ல ஒரு ஃபைல் போட்டு எல்லாரையும் வெளிய நிறுத்திட்டேன் சார்,” என்றான் இவான் மெதுவாக. “அதை எப்ப எடுக்கறது?”

பரந்தாமன் மேசைக்கடியிலிருந்து ஒரு பூட்ஸ் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஈரத்துணியில் சுற்றிய ரோஜா மாலை இருந்தது.

“தாலி ஏறட்டும். இப்ப வண்டிய எடு. பொண்ணுக்கு அப்பா இடத்துல நான் நிக்கணும்.”